வீட்டுவேலை இல்லாத தோட்டம்

தெரணியகலை பஸ் நிலையம். சனிக்கிழமை விடியற்காலை. கொழும்பு பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. என் ஒரு கையில் ஆய்வு ஃபைல், மறு கையில் சம்பல் வைத்துச் சுற்றிய ரொட்டி. தூறலில் நனைந்தபடி செல்வராஜ் என் முன்னால் வந்து நின்றார்.

செல்வராஜ் எங்கள் றப்பர்த் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்கிறவர். அவருடைய மகள் தர்ஷினி, நான் படிப்பிக்கும் மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வரிசை. மனிதர் அதிகம் பேசமாட்டார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் கதவோரமாகவே நின்றுவிட்டுக் கதவு வழியாகவே போய்விடுவார். அப்படிப்பட்டவர் என்னைப் பார்ப்பதற்காக விடியற்காலையில் மலை இறங்கி வந்திருக்கிறார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“நீங்க குடுத்து விட்ட கேள்விப் பாரத்த வீட்டுல வாசிச்சாங்க, வீட்டு வேலன்னு போட்டிருந்தீங்களாம். எங்க புள்ள அதெல்லாம் செய்றதில்லீங்க.”

“அப்படிச் சொல்லாதீங்க செல்வராஜ். எல்லாப் புள்ளைங்களும் செய்யத்தான் வேணும்.”

அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. “அதுக்கு எட்டு வயசுதான் டீச்சர்.”

“எட்டு வயசுலதாங்க பழக்கணும். இப்ப விட்டுட்டா அப்புறம் வராது.”

“அதோட அம்மா தாங்க மாட்டாங்க.”

“அம்மாவும் கூட இருந்து செஞ்சா இன்னும் நல்லது.”

“அம்மாவுமா?”

“தினம் ஒரு மணி நேரம் போதும். அழுதா அடிக்காதீங்க. நயமா சொல்லுங்க, தானா செய்யும்.”

“நகின்ன மிஸ், நகின்ன!” என்று கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினான். ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். செல்வராஜ் நின்ற இடத்திலேயே நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நல்ல தகப்பன், கொஞ்சம் பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டு ரொட்டியைப் பிரித்தேன்.

இருவரும் பேசியது நல்ல தெளிவான தமிழ். எனக்கு வீட்டுவேலை என்றால் பள்ளிக்கூடத்தில் கொடுத்து அனுப்பும் ஹோம்வேர்க். எங்கள் தோட்டத்தில் வீட்டு வேலை என்றால் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பி, வேறு யாரோ ஒருவர் வீட்டில் கூட்டவும் கழுவவும் விடுவது. எட்டு வயதுப் பிள்ளையை அதற்கு அனுப்பு, அம்மாவையும் சேர்த்து அனுப்பு, அழுதால் நயமாகச் சொல் என்று ஒரு தகப்பனுக்கு உபதேசம் செய்துவிட்டு நான் பஸ் ஏறியிருக்கிறேன்.

அது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் அன்றைக்கு ஆசிரியர் கல்வியில் முதுமாணிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் ஆன பிறகு

எம்.எட். படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அக்கா கேட்ட கேள்வி இது: “நீதான் டீச்சர் ஆகிட்டியே. பொறகு எதுக்கு டீச்சர் ஆகுறத படிக்கிற?”

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பெயர் முத்துலெட்சுமி. தோட்டத்தின் மேல் டிவிசனில் றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறாள். அவளுக்கு ஒரே மகள், கீர்த்தனா, எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு. அக்காவின் அந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் ஆறு மாதம் விடை தேடினேன். ஒருவரும் தரவில்லை.

சனி, ஞாயிறு விரிவுரை. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய், வெள்ளவத்தையில் ஒரு தெரிந்தவர் வீட்டில் இரவு தங்கி, ஞாயிறு பின்னேரம் திரும்புவேன். வகுப்பில் நாற்பது ஆசிரியர்கள். பசறையிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, மன்னாரிலிருந்து வந்தவர்கள். ‘மாணவரின் கவனத்தைத் தக்கவைத்தல்’ என்ற விரிவுரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்தது. நாற்பது பேரில் முப்பது பேர் தூங்கினோம். விரிவுரையாளர் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்.

‘பிள்ளையைப் பேச விடுங்கள்’ என்பதைப் பற்றி இன்னொருவர் நான்கு மணித்தியாலம் பேசினார். இடையில் யாரும் வாய் திறக்கவில்லை.

(போன கிழமை இந்தப் பத்தியில் எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரையைப் பற்றி எழுதியதற்கு அதிபர் ஃபோன் பண்ணினார். “டீச்சர், நீங்க எழுதினது ரெண்டாவது கட்டடம். ஒழுகுறது மூணாவது” என்றார். திருத்திக்கொள்கிறேன்.)

எதற்குப் படித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். கல்வி வலயத்தில் ஆசிரிய ஆலோசகர் வெற்றிடம் ஒன்று வரப்போகிறது என்று பேச்சு. தோட்டப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், அங்கே படிப்பிக்கிறவர்களுக்குப் படிப்பிக்கும் வேலை. அது எனக்கு வேண்டும். ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை. நேர்முகத்துக்கு முன்னம் ஆய்வேடு முடிந்து, பட்டம் கையில் இருக்க வேண்டும். நாட்களை எண்ணிக்கொண்டு ஓடினேன்.

தமிழில் எழுதவும்

என் ஆய்வுத் தலைப்பு: ‘பெருந்தோட்டப் பாடசாலை மாணவரின் வீட்டுவேலையில் பெற்றோரின் ஈடுபாடு’. இந்தத் தலைப்பை நானாக வைக்கவில்லை. நான் முதலில் எழுதியது ஹோம்வேர்க் என்றுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் ஹோம்வேர்க் என்கிறார்கள், நாங்களும் ஹோம்வேர்க் என்கிறோம், அதிபர் கோபம் வந்தால் மட்டும் சிங்களத்தில் ‘கெதர வெட’ என்பார்.

என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்து அம்மா. முப்பது வருடமாகக் கொழும்பில் இருந்தும் பேச்சில் ஓர் எழுத்துக் குறையவில்லை. நல்ல மனுஷி. சிவப்புப் பேனையைக் காதோரம் செருகியிருப்பார். அதை எடுத்து என் ஹோம்வேர்க்கை வெட்டினார்.

“பிள்ளை, இதென்ன ஹோம்வேர்க்? முதுமாணிக்கெல்லோ எழுதுறீங்கள். தமிழிலை எழுதுங்கோ.”

“என்னன்னு போடட்டும் மேடம்?”

“வீட்டுவேலை. அதுதான் கலைச்சொல். சேர்த்து எழுதுங்கோ, இடைவெளி விடாதேங்கோ.”

சேர்த்து எழுதினேன். இடைவெளி விட்டால்தான் வேறு அர்த்தம், சேர்த்து எழுதினால் ஹோம்வேர்க் என்று ஒரு மயக்கம் எனக்கு. எழுதிப் பார்த்தபோது அழகாகவும் இருந்தது. தலைப்பு பெரிய மனுஷத் தோரணையோடு நின்றது.

வினாக்கொத்தை, அதாவது பெற்றோருக்கான அந்தக் கேள்விப் பாரத்தை, முதலில் நாலு பேரிடம் கொடுத்து விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது விதி. நானும் பார்த்தேன், எங்கள் ஆசிரியர் அறையில். ஆறு ஆசிரியர்களுக்கும் நன்றாக விளங்கியது. எங்கள் சேர் ஒருவர் மட்டும் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கினேன். விதி திருப்திப்பட்டது.

இப்போது அந்தப் பாரத்தை நீங்களே ஒருமுறை படியுங்கள். நான் சொன்ன இரண்டாவது அர்த்தத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிள்ளையின் வயது? ஆணா, பெண்ணா? உடல் ஆரோக்கியம் எப்படி? வீட்டில் எத்தனை பிள்ளைகள்? உங்கள் பிள்ளை வீட்டுவேலை செய்கின்றதா? ஆம் எனின் நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம்? பிள்ளையை வீட்டுவேலைக்கு ஊக்குவிப்பவர் தாயா, தந்தையா? செய்யத் தவறினால் வழங்கப்படும் தண்டனை யாது?

கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே, ‘உங்கள் விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும்.’

அறுபதும் ‘இல்லை’

அறுபது பாரம் கொடுத்தேன். அறுபதும் திரும்பி வந்தன. எங்கள் தோட்டத்தில் சுற்றுலாக் கடிதம் கொடுத்தால்கூடப் பாதிதான் திரும்பி வரும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அறுபதிலும் ‘இல்லை’ என்பதில் வட்டம் போட்டிருந்தார்கள். சிலர் இரண்டு வட்டம். ஒருவர் ‘சத்தியமாக இல்லை’ என்று எழுதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை ஃபோட்டோ கொப்பி எடுத்துப் பின் குத்தியிருந்தார். இன்னொருவர் ‘பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது, எந்த வேலைக்கும் ஆகாது’ என்று எழுதியிருந்தார். அந்தப் பிள்ளை என் வகுப்பில் மரம் ஏறுகிற பிள்ளை.

இதையெல்லாம் நான் அப்போது படிக்கவில்லை. பஜாரில் உள்ள கொமினிகேசன் கடையில் ஒரு நங்கி, சிங்களத் தங்கச்சி, இருந்தாள், கம்ப்யூட்டரில் எண் போட்டுத் தருவாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எந்த வட்டத்துக்கு எந்த எண் என்று காட்டிக் கொடுத்தேன். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் பூச்சியம். அவள் பூச்சியத்தைத் தட்டிக்கொண்டே போனாள். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, “மிஸ், ஒக்கொம பிந்துத?” என்று கேட்டாள். எல்லாமே பூச்சியமா என்று. அந்த ஒரு நல்ல ஆய்வுக் கேள்வியை இந்த முழு ஆய்விலும் அவள் ஒருத்திதான் கேட்டாள். “ஓவ், ஓவ், கஹன்ன” என்றேன். ஆமாம், அடி.

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“அறுபதுக்கு அறுபதோ? உப்பிடி ஒரு முடிவை நான் இருபது வருசத்திலை காணேல்லை. இதை விடாதேங்கோ பிள்ளை. மாநாட்டுக்குக் கொண்டு போகலாம்.”

அன்று பஸ்ஸில் வரும்போதே மடியில் வைத்து எழுதினேன்: ‘பெருந்தோட்டப் பெற்றோரிடம் பிள்ளைகளின் வீட்டுவேலை பற்றிய அக்கறை முற்றாகவே இல்லை என்பது இவ்வாய்வின் பிரதான கண்டறிதலாகும்.’ எழுதிவிட்டு எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு பெரிய உண்மையை வெட்டி எடுத்த மாதிரி. சமர்ப்பிக்க இன்னும் மூன்று கிழமை. நேர்முகம் அதற்குப் பிந்திய மாதம். எல்லாம் அச்சுக் குத்தினாற்போல் வந்தது.

அந்த நாட்களில்தான் தோட்டத்தில் எனக்கு ஒரு மாற்றம் தெரிந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் நடந்தால் பெண்கள் சிரிப்பதில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு உள்ளே எடுத்துக்கொண்டார்கள். படிப்பு கூடினால் ஜனங்களுக்கு மரியாதையும் கூடும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் செல்வராஜ் பஸ் நிலையத்துக்கு வந்தது.

“எது வீட்டு வேல?”

சமர்ப்பிக்க ஒரு கிழமை இருக்கும்போது ஒரு பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போனேன். மழை. அக்கா அப்போதுதான் குளித்திருந்தாள், இருந்தாலும் றப்பர்ப் பால் மணம் கையை விட்டுப் போகவில்லை. அது எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. கீர்த்தனா கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கணக்குக் கொப்பியில் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். கையில் வேலை எதுவும் இல்லை. என் அக்கா கையில் வேலையில்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“என்னக்கா, சும்மா இருக்க?”

“அது எழுதி முடிக்கிற வரைக்கும் இப்பிடித்தான். நான் எந்திரிச்சா அதுவும் எந்திரிச்சுரும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. கீர்த்தனாவின் பாரமும் அந்த அறுபதில் ஒன்றுதானே. “பாரத்துல மட்டும் பொய் எழுதுற. புள்ள இந்தா வீட்டுவேலை செய்யுது. நீ பக்கத்துலயே காவல் இருக்க. கேட்டா இல்லன்னு வட்டம் போட்டிருக்க.”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எது வீட்டு வேல?”

“இதுதான். இந்தக் கணக்கு.”

“இது ஹோம்வேர்க்குடி.”

“அதத்தான்க்கா தமிழ்ல வீட்டுவேலைன்னு சொல்றது.”

அக்கா கீர்த்தனாவின் கொப்பியைப் பார்த்தாள். கூரைத் தகரத்தில் மழை அடித்தது. பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்.

“வீட்டு வேலன்னா என்னன்னு எனக்கு நீ சொல்லித் தராத சரோ.”

கீர்த்தனா தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி பெருக்க ஆரம்பித்தாள். நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

வீட்டுக்கு வந்து அறுபது பாரத்தையும் தரையில் பரப்பினேன். முதல் தடவையாக எழுத்துகளைப் படித்தேன். அக்காவின் பாரம் நடுவில் இருந்தது. எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதியிருந்தாள்: ‘இல்லை. எம் மகளை ஒருநாளும் அனுப்ப மாட்டேன்.’

பாதிக் கொப்பி

அப்பா இறந்த வருடம் அக்கா ஐந்தாம் வகுப்பு. நான் ஒன்றாம் வகுப்பு. அம்மா ஒருத்தியின் வேலையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப முடியாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எங்கள் வீட்டில் முடிவானது. ருவான்வெல்லைப் பக்கமிருந்து ஒரு ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, பவுடர் மணம். அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தான். வயது கேட்டான், நோய் நொடி உண்டா என்று கேட்டான், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான்.

என் பாரத்தில் இருந்த அதே கேள்விகள். அதே வரிசை.

போகிற அன்று காலை அக்கா தன் கொப்பியை என்னிடம் கொடுத்தாள். பாதிதான் எழுதியிருந்தது. “மிச்சத்த நீ எழுது” என்றாள். எழுதினேன். முன் பாதி அக்கா, பின் பாதி நான். டீச்சர் கொடுத்த முதல் ஹோம்வேர்க்கை அந்தக் கொப்பியில்தான் செய்தேன். சரி போட்டு, ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தார்கள்.

அக்கா கொழும்பில் பதினாறு வருடம் இருந்தாள். தீபாவளிக்கு வருவாள், சில வருடம் அதுவும் இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் பாதி சீவித் தேய்த்த பென்சில்களை ஒரு ஷொப்பிங் பையில் சேர்த்துக் கொண்டு வருவாள். நான் ஓ.எல். எழுதியதும் ஏ.எல். எழுதியதும் அந்தப் பைகளின் புண்ணியத்தில். அந்த வீட்டில் அவளைக் கமலா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் அங்கே வேலை செய்தவளின் பெயர் கமலா. புதுப் பெயர் பழக அவர்களுக்குப் பஞ்சி, அவ்வளவு சோம்பல்.

பள்ளிக்கூடத்தில் யாராவது “ஒங்க அக்கா எங்க?” என்று கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். “வீட்டு வேலைக்குப் போயிருக்கு.” எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன்! என் வாயால் சொன்ன சொல். இடைவெளியை எடுத்துவிட்டு அதைக் கலைச்சொல் என்று கையில் கொடுத்ததும் எனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டது. இதற்கு மேற்பார்வையாளரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பிள்ளை பிடிக்கிற டீச்சர்

வாயை மூடிக்கொண்டு ஆய்வேட்டைக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அட்டை கட்டி, தங்க எழுத்துப் போட்டு, நேர்முகத்துக்குப் போயிருக்கலாம். இரண்டு நாள் அதை யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அக்கா படித்துவிட்டுச் சிரிப்பாள்.

ஆனால் அந்த வாக்கியம் விடவில்லை. ‘அக்கறை முற்றாகவே இல்லை.’ கை வேலையை வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் பற்றித்தான் அந்த வாக்கியம். அது நூலகத்தில் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு ஒருவர் அதை மேற்கோள் காட்டுவார், அவரை இன்னொருவர் காட்டுவார். எழுதியது யார் என்று பார்த்தால், தோட்டத்துப் பிள்ளை.

சனிக்கிழமை மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவையும் சேர்த்துச் சொன்னேன். அவர் காதிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்து மேசையில் வைத்தார்.

“நான் வெட்டினதாலை வந்தது, என்ன?”

“எனக்குத் தெரிஞ்சிருக்கணும் மேடம்.”

“ஓம், தெரிஞ்சிருக்க வேணும்” என்றார். நல்ல மனுஷி என்றேனே, பொய் சொல்ல மாட்டார். “இன்னொருக்கால் செய்யுங்கோ. ஹோம்வேர்க் எண்டே போடுங்கோ.”

கால நீடிப்புக் கடிதம் எழுதினேன். ஆறு மாதம் கேட்டு, ஒரு வருடம் போனது. ஆசிரிய ஆலோசகர் நேர்முகத்துக்குப் பட்டமில்லாமல் போனேன். வேலை இன்னொருவருக்குப் போனது. அன்று பஸ்ஸில் அவிசாவளை வரைக்கும் அழுதேன், அதற்குப் பிறகு சீட் கிடைத்தது, தூங்கிவிட்டேன்.

இரண்டாவது சுற்றுக்கு ஒருவரும் பாரத்தைக் கையால் தொடவில்லை. லயம் லயமாகப் போய் வாயால் கேட்டேன். முதலில் செல்வராஜ் வீடு. அவர் மனைவி கதவைப் பாதிதான் திறந்தாள். மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் தளர்ந்தது. செல்வராஜ் வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

“மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க டீச்சர். நாங்க வேற மாதிரி நெனச்சிட்டோம்.”

“என்னன்னு நெனச்சீங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள்தான் சொன்னாள்.

“ஒவ்வொரு சனிக்கெழமையும் கொழும்புக்குப் போறீங்க. கையில புள்ளைங்க பேரு, வயசு எல்லாம் எழுதின ஃபைலு. நீங்க புள்ள புடிச்சுக் குடுக்குறீங்கன்னு மேல் டிவிசன் பூரா பேச்சு டீச்சர்.”

“அட கடவுளே!”

“நான் நம்பல,” என்றார் செல்வராஜ், “பஸ் ஸ்டாண்டுல நீங்க பேசுற வரைக்கும்.”

பிளேன்டீ கொடுத்தார்கள். குடித்தேன். தர்ஷினி தன் கொப்பியைக் கொண்டு வந்து காட்டினாள். ஹோம்வேர்க் ஒரு நாள் விடாமல் இருந்தது. பக்கத்தின் ஓரமெல்லாம் தகப்பனின் கறுத்த விரல் ரேகை, அவர் தினமும் புரட்டிப் பார்த்ததற்கு அத்தாட்சி. அவருக்கு வாசிக்க வராது. சரி போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாராம்.

வரைவிலக்கணம்

ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் ‘பதங்களின் வரைவிலக்கணம்’ என்று ஒரு பகுதி வைக்க வேண்டும். எந்தச் சொல்லை என்ன அர்த்தத்தில் பாவிக்கிறோம் என்பதற்கு. நான் இப்படி எழுதினேன்:

‘வீட்டுவேலை: (1) பாடசாலையில் கொடுக்கப்பட்டு, மாணவர் தம் வீட்டில் செய்யும் பயிற்சி. இவ்வாய்வில் ஹோம்வேர்க் எனப்படுகிறது. (2) ஒரு பிள்ளை முதலாவதைச் செய்வதற்காக, இன்னொரு பிள்ளை வேறொருவர் வீட்டில் செய்தது.’

வாய்மொழிப் பரீட்சையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் பக்கத்தைப் புரட்டி அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இரண்டாவது வரைவிலக்கணத்துக்கு ஆதாரம் காட்டவில்லையே?”

“தனிப்பட்ட தொடர்பாடல், சேர்.”

“யாரோடு?”

“என் அக்காவோடு.”

“அவருடைய தகைமை?”

“ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு பதினாறு வருடம் கள அனுபவம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நடுவில் இருந்தவர் ஏதோ குறித்துவிட்டு, அடுத்த கேள்வி, அட்டவணை நான்கு என்றார். சிறு திருத்தங்களோடு தேர்ச்சி. திருத்தங்களில் அது இல்லை.

அட்டை கட்டிய மூன்று பிரதிகளையும் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு போகுமுன் அக்காவிடம் காட்டப் போனேன். கீர்த்தனா பக்கத்தைத் திறந்து காட்டினாள். அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு பிளேன்டீ ஆறும் நேரம் ஆனது.

“ஒரு பிள்ளைன்னு போட்டிருக்கிறது நீயா?”

“ஆமாக்கா.”

“இன்னொரு பிள்ளை நான்.”

“ஆமா.”

“அப்ப பேரப் போடுறதுக்கென்ன?”

“ஆய்வுல பேரு போடக் கூடாதுக்கா. ரகசியமா வைக்கணும். அது விதி.”

“பதினாறு வருசம் பேரில்லாமத்தான் இருந்தேன்” என்றாள். கீர்த்தனாவின் பேனையை வாங்கினாள். வாக்கியத்துக்குப் பக்கத்தில், வெள்ளை ஓரத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்: முத்துலெட்சுமி. நீல மை அடுத்த பக்கத்துக்கும் இறங்கியது. நான் தடுக்கவில்லை. எனக்குக் கண் தெரியவில்லை.

மற்ற இரண்டு பிரதியும் சுத்தமாக இருந்தன. நூலகத்துக்கு அக்காவினுடையதைத்தான் கொடுத்தேன்.

நூலகத்தில் இருந்தவர் பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றார். “மிஸ், இதுல யாரோ பேனையால கிறுக்கியிருக்காங்க.”

“கிறுக்கல் இல்லீங்க. அது ஆசிரியர் கையெழுத்து.”

அவர் அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார். உள்ளே இருந்த பெயரைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, முத்திரையை எடுத்துக் குத்தினார்.